எண்ணெய் பூசிய அவரை விதைகள்

சென்ற வாரம் கொழும்பிலிருந்து வந்த மகள், ஓய்வுபெறப் போகும் வாப்பாவுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டுமென்று விதைப் பக்கற் ஒன்று வாங்கி வந்தாள். வழுவழுப்பான தாள். பச்சையும் பொன்னும் கலந்த எழுத்தில் 'பாரம்பரிய அவரை' என்று போட்டிருந்தது. உள்ளே எட்டு விதைகள். எட்டும் ரோஸ் நிறம், பிறந்தநாள் கேக்கின்மேல் தூவுகிற மிட்டாய் மாதிரி. நான் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோனேன். பிறகு ஒன்றை எடுத்துச் கட்டியிருந்த சாரனின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். சாரன் ரோஸாகிவிட்டது. பாரம்பரியம் சாயம் போகிறது என்று நான் சொன்னதை மகள் ரசிக்கவில்லை.

"நான் என்ன நஞ்சா வாங்கி வந்திரிக்கன் வாப்பா?" என்று கேட்டாள்.

குசினிக்குள்ளிருந்து என் மனைவி பௌசியா, "அவர விதையக் கண்டா அவருக்கு அப்பிடித்தான். நீ ஒண்டும் நெனைக்காத" என்றாள். அதற்குமேல் அவள் விளக்கவில்லை. விளக்கப் போனால் தன் உம்மாவையும் உம்மாவின் ராத்தாவையும் இழுக்க வேண்டிவரும். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. இருவரும் மௌத்தாகிவிட்டார்கள், மிச்சமிருக்கிற குற்றவாளி நான் மட்டுமே.

அவரை விதை எதுவானாலும் அதில் தேங்காயெண்ணெய் வாசம் அடிக்கிறதா என்று பார்ப்பது எனக்கு இருபத்தெட்டு வருஷப் பழக்கம். மகள் கொண்டுவந்த எட்டிலும் அடித்தது மருந்துக்கடை வாசம். தேங்காயெண்ணெய் என்றால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மருந்துக்கடைக்கு என்ன அர்த்தமென்று தெரியாது. தெரியாததால் சந்தேகம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. வீடும் வளவும் பெண்ணுக்கு. ஆண்தான் பெட்டியோடு வந்து சேருவான். நான் பாலமுனையிலிருந்து கல்முனைக்குடிக்கு ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு கட்டுப் புத்தகங்களோடும் வந்து சேர்ந்தேன். பெட்டியைப் பற்றி மாமி, அதாவது பௌசியாவின் உம்மா, விசாரிக்கவில்லை. புத்தகங்களைப் பற்றித்தான் விசாரித்தார். அவ்வளவையும் ஒரு மனிதன் தானாக விரும்பி வாசிப்பான் என்று அவரால் நம்ப முடியவில்லை. யாரோ ஒளித்துவைக்கத் தந்த சாமானாக இருக்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

விசாரித்தார் என்றால் என்னிடம் அல்ல. அந்தக் காலத்து மாமிமார் மருமகனோடு நேரே கதைக்கமாட்டார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவு மறைவில் நின்று, மகளுக்குச் சொல்வதுபோல் மருமகனுக்குச் சொல்வார்கள். மகள் வீட்டில் இல்லாத நேரம் எங்கள் மாமி பூனைக்குச் சொல்வார். "சோறு ஆறுது, இனி எப்பத் தின்னப் போறாரோ தெரியா" என்று பூனையைப் பார்த்துச் சொன்னால் நான் எழுந்து கை கழுவ வேண்டும். முதல் வாரத்தில் ஒருநாள் பூனையும் எழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் குசினி வாசலை அடைந்தோம். மாமி எங்கள் இருவரையும் ஒரே பார்வைதான் பார்த்தார்.

அந்த வளவின் மேற்கு வேலியில் மாரிக்கு மாரி ஒரு அவரை படரும். வீட்டில் அதற்கு ஆட்டுக்காதவரை என்று பெயர். காய் அகலமாய், மெத்தென்று, விளிம்பில் மட்டும் கத்தரிப்பூ நிறம் ஓடி, குட்டி ஆட்டின் காது போலவே தொங்கும். விதை கறுப்பு. ஒரு பக்கத்தில் வெள்ளைக் கோடு வளைந்திருக்கும், ஜும்ஆவுக்குப் புறப்பட்டவன் தொப்பி போட்டதுபோல. கூனி இறாலும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மாமி அதில் வைக்கும் குழம்புக்காக, எங்கள் பேச்சில் ஆணம், ஒரு மாப்பிள்ளை எவ்வளவையோ பொறுத்துக்கொள்ளலாம். நானும் பொறுத்துக்கொண்டேன்.

வேலிக்கு மறுபக்கம் மாமியின் ராத்தா இருந்தார். பௌசியாவுக்குப் பெரியம்மா, ஆகவே எனக்கும் பெரியம்மா. ஒரே வளவை இரண்டாக்கி, பழைய வீட்டை மூத்தவருக்கும், பக்கத்தில் கட்டிய புது வீட்டை இளையவருக்கும் சீதனமாகக் கொடுத்திருந்தார்கள். கிணறு பொது, மாமரம் பெரியம்மாவுக்கு, தென்னைகள் மாமிக்கு. எல்லாம் ஒழுங்காய்ப் பிரித்தவர்கள் அவரையை மறந்துவிட்டார்கள். ஒரு பருவம் காய்த்துச் சாகிற கொடியை யார் காணி உறுதியில் எழுதுவார்கள்? புது வீட்டுக்குச் சாமான் போனபோது விதை டின்னும் மாமியோடு போய்விட்டது. தவறிப் போனதா, வேண்டுமென்று போனதா என்பதில் சகோதரிகளுக்குள் கருத்து வேறுபாடு. நான் மாப்பிள்ளையாக வந்தபோது அந்த வேறுபாட்டுக்கு இருபது வயது.

டின் என்றால் பழைய பவுடர் டின். சலித்த அடுப்புச் சாம்பலில் விதையைப் பிரட்டி, மேலே காய்ந்த வேப்பிலை போட்டு மூடி, டின்னை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார் மாமி. காய்க்கிற காலத்தில் பெரியம்மா வீட்டுக்குத் தட்டு நிறையக் காய் போகும். கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் போவதெல்லாம் பிஞ்சு. விதை திரண்ட காய் ஒன்று தப்பித் தவறிப் போய்விட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வம்சம் தொடங்கிவிடுமே என்று, ஒவ்வொரு காயையும் விரலால் நெருடிப் பார்த்துத்தான் தட்டில் வைப்பார். கொடி வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தால் ஒரு கம்பால் கொழுவி இழுத்து இந்தப் பக்கம் திருப்பிவிடுவார். கொடியையும் அவர் நம்பவில்லை.

பெரியம்மா இதையெல்லாம் இருபது வருஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் மிகச் சரியான இடத்தில் கேட்டார். கலியாண வீடு. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் உண்ணும் சஹன். அக்காவின் கையும் தங்கையின் கையும் ஒரே புரியாணிக்குள் இருந்த நேரம் பார்த்து, "இந்த மாரிக்கு எனக்கும் ரெண்டு அவர விதை தா புள்ள, என்ட வேலியும் சும்மாதானே கிடக்கு" என்றாராம். ஒரு சஹனில் கைவைத்துக்கொண்டு இல்லையென்று சொல்ல எங்கள் ஊரில் யாராலும் முடியாது. மற்ற நான்கு பெண்களும் வாயில் இருந்ததை மெல்லாமல் காத்திருந்தார்களாம். மாமி, "அதுக்கென்ன ராத்தா, தாறன்" என்றிருக்கிறார். இதைப் பௌசியா வந்து சொன்னபோது, இருபது வருஷப் பிரச்சினை ஒரு வாய்ச் சோற்றில் தீர்ந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். அத்தனை புத்தகம் வாசித்தும் எனக்கு மனிதர்களைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

நாலைந்து நாள் கழித்து நான் வேலையால் வந்தபோது, அடுப்பில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி ஏறியிருந்தது. அந்த வீட்டில் பிட்டு காலையில் மட்டும். மாலை நாலரைக்கு நீத்துப்பெட்டியா என்று யோசித்தேன், கேட்கவில்லை. கேட்டால் பூனைதான் பதில் சொல்ல வேண்டும். அடுத்தநாள் கொல்லைப் பக்கம் சுளகில் அவரை விதை காய்ந்துகொண்டிருந்தது. வழக்கத்தைவிட நல்ல மினுக்கம். அந்த மினுக்கம்தான் என் கண்ணைக் குத்தியது. ஒன்றை எடுத்து முகர்ந்தேன். தேங்காயெண்ணெய்.

நான் அப்போது நாவிதன்வெளியில் கமக்காரர்களுக்கான அரச அலுவலகம் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். விதை நெல்லை ஈரச் சாக்கில் கட்டிவைத்து எத்தனை முளைக்கிறதென்று பார்ப்பதைத் தினமும் பார்த்தவன். ஆகவே பத்து விதைகளை எடுத்து, ஈரக் கைலேஞ்சியில் பொதிந்து, காலையில் சைக்கிளில் கொண்டுபோனேன். வெள்ளம் ஏறினால் மூழ்கிவிடும் கிட்டங்கித் தாம்போதிப் பாதையில் அப்போது ஒரு காவலரண் இருந்தது. ஊரே ஒருவரையொருவர் சந்தேகித்த காலம். கைலேஞ்சியைப் பிரித்துப் பார்த்த சிப்பாய் இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். அவரை விதை, முளைக்கிறதா பார்க்கக் கொண்டுபோகிறேன் என்றேன். அவனும் எங்கேயோ ஒரு கமக்காரனின் பிள்ளைதான் போலும். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தான், துப்பினான், என்னை மேலும் கீழும் பார்த்தான். இது அவித்த விதையல்லவா என்றான். அவித்த விதையை ஈரத்துணியில் பொதிந்து முளைக்கவைக்கக் கொண்டுபோகிற ஒருவனை எந்த ராணுவமும் சந்தேகிக்கும். அரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன்.

மிச்ச ஒன்பதும் ஒரு வாரம் என் மேசை லாச்சிக்குள் ஈரத்தோடு கிடந்தன. பூஞ்சணம் பூத்தது, முளை வரவில்லை. சிப்பாய் சொன்னது சரி. மாமி ராத்தாவுக்குக் கொடுப்பதற்கென்று ஒரு கைப்பிடி விதையை ஆவியில் காட்டிச் சாகடித்து, மங்கிப்போன தோல் மினுங்க எண்ணெய் பூசி, வெயிலில் காயவைத்திருக்கிறார். கேட்டதற்குக் கொடுத்ததும் ஆயிற்று, கொடுக்காததும் ஆயிற்று.

இதோடு நான் சும்மா இருந்திருப்பேன். சத்தியமாக. ஆனால் அந்த வாரக் கடைசியில் ஒருநாள் மாலை மாமி பூனையிடம், "விதை பத்துக் குறையிது. பொறத்தியார் வந்தாப் பிறகு இந்த வீட்ட ஒண்டும் வெச்ச இடத்தில இரிக்கிதில்ல" என்றார். செத்த விதையையும் எண்ணி வைத்திருந்திருக்கிறார். பௌசியா வந்ததும் அதே குற்றச்சாட்டு கொஞ்சம் விரிந்தது: நான் காலையில் கிணற்றடியில் நின்று பெரியம்மாவோடு கதைக்கிறேனாம், பெரியம்மா என்னிடம் விதை கேட்டிருக்கலாமாம், கேட்டால் நான் கொடுக்கிற ஆள்தானாம். பெரியம்மா மற்ற மாமிமார் போலல்லாமல் என்னோடு நேரே கதைப்பார் என்பது உண்மை. "என்ன மருமகன், தங்கச்சிட ஆணம் உப்பா?" என்று வேலிக்கு மேலால் கேட்பார். அந்த ஒரு குசலத்துக்காக நான் விதைக் கள்ளனாகிவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த கிளாக்கர் என்ன செய்வான்? ஒரு கோப்பில் இருப்பதை எடுத்து மற்றக் கோப்பில் வைப்பான். மாமி கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, அரிசிப் பானைக்குள் கைவிட்டு டின்னை எடுத்தேன். உள்ளேயிருந்த உயிருள்ள விதைகளைச் சாம்பல் போகத் துடைத்து, என் தலைக்குப் பூசும் எண்ணெயில் கொஞ்சம் தடவி, பெரியம்மாவுக்கென்று முடிந்து வைத்திருந்த துணிக்குள் போட்டேன். துணியில் இருந்த அவித்த விதைகளைச் சாம்பலில் பிரட்டி டின்னுக்குள் போட்டேன். இரண்டும் ஒரு கைப்பிடி அளவுதான். பாதி பாதியாய்க் கலந்திருக்கலாம். நாலு விதையைப் புத்தகத்துக்குள்ளாவது வைத்திருக்கலாம். அந்தப் புத்தி அன்று வரவில்லை, அடுத்த பதினைந்து நாளில் தினமும் வந்தது.

என் திட்டம் இதுதான்: பெரியம்மாவின் வேலியில் ஆட்டுக்காதவரை செழித்துக் காய்க்கும். மாமியின் வேலி வெறுமையாய்க் கிடக்கும். அவித்ததை ஒப்புக்கொள்ளாமல் மாமியால் ஒரு வார்த்தை முறையிட முடியாது. அப்போது நான் பெரியம்மாவிடம் நல்ல முற்றல் காய் வாங்கிவந்து மாமிக்குக் கொடுத்து, இரண்டு வளவுக்கும் சமாதானம் செய்த மருமகன் என்று பெயர் எடுப்பேன். அந்தப் பெயரை யார் யார் எப்படிச் சொல்வார்கள் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

துணி முடிச்சு பெரியம்மா வீட்டுக்குப் போனது. முதல் மழை விழுந்தது. மாமி பிஸ்மில்லாஹ் சொல்லி மேற்கு வேலி நெடுக விதை ஊன்றினார். ஐந்து நாள், ஏழு நாள், பத்து நாள். மண்ணைக் கிளறிப் பார்த்தால் விதை ஊதி, அழுகி, நசிந்துபோயிருந்தது. மாமி யாரையும் ஏசவில்லை. ஏசாதது எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. நான் தினமும் பல் துலக்கும் சாட்டில் எட்டி எட்டிப் பார்த்தும், பெரியம்மாவின் பக்கத்திலும் ஒரு முளையைக் காணவில்லை. புல் முளைத்திருந்தது, கீரை முளைத்திருந்தது. அவரை மட்டும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபோது மாமி கிணற்றடியில் பெரியம்மாவோடு நின்றார். தங்கை தானாகப் போய் அக்காவிடம் நின்றதை நான் அன்றுதான் கண்டேன். பௌசியா வாளியோடு பக்கத்தில். நான் கால் கழுவப் போனவன், திரும்பினால் சந்தேகம் வரும் என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

"ராத்தா, நான் தந்த விதையில மிச்சம் ரெண்டு இரிக்கா?" என்று மாமி கேட்டார். குரல் கீழே இருந்தது. அவித்த விதையைக் கொடுத்தவர் அதையே திருப்பிக் கேட்கிறார் என்றால், ஆவிக்குத் தப்பிய ஒன்றிரண்டு அதற்குள் இருக்கலாம் என்ற நப்பாசைதான். தன் வேலி முழுதும் செத்துவிட்டதற்கு அவருக்குக் காரணம் விளங்கவில்லை.

பெரியம்மா வாளிக் கயிற்றை விடாமல், "மிச்சமா? அத நான் ஆணமாக்கித் திண்டுட்டனே" என்றார்.

"விதையையா?"

"பின்ன? இருவது வரிசம் தராதவள் சஹன்ல கேட்டதும் தந்தா, நான் அதக் கொண்டுபோய் ஊண்டுவனா? அவிச்சுத்தான் தந்திரிப்பாய் எண்டு எனக்குத் தெரியும். உம்மா ஊராக்களுக்கு இப்பிடி அவிச்சுக் குடுக்கக்குள்ள நானும்தானே பக்கத்தில நிண்டு பாத்த." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா புள்ள, ரெண்டு நாள் தண்ணியில மறந்து கிடந்திச்சி. பாத்தா மூக்கு விட்டிரிக்கி. வெள்ள வெள்ளயா முளை" என்றார்.

மாமியின் முகம் மாறியது. "முளைச்சத்தையா ஆக்கின நீங்க?"

"முளைச்சா? என்ட தங்கச்சி எனக்கு நல்ல விதை தருவாளா? அதில வேற என்னமும் கள்ளம் இரிக்கும், காட்டவரையாக்கும் எண்டு ஆக்கிட்டன்." பிறகு, உண்மையைச் சொல்ல வேண்டுமே என்பதுபோல, "நல்ல ருசியாத்தான் இரிந்திச்சி" என்றார்.

அவித்தது மாமியின் கை. அது முளைத்திருக்கிறது. டின்னில் இருந்தது முளைக்கவில்லை. கணக்கு அவருக்குச் சட்டென்று விளங்கியது. கலியாணம் முடித்து ஏழு மாதத்தில் முதல் தடவையாக மாமி என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். பூனை பக்கத்தில்தான் படுத்திருந்தது, அதைப் பார்க்கவில்லை.

"நீங்களா மாத்தின?"

பொய் சொல்ல எனக்கு நல்ல பயிற்சி உண்டு, அரச உத்தியோகம். ஆனால் நேரே கேட்ட முதல் கேள்விக்குப் பொய் சொல்ல முடியவில்லை. "ஓம் மாமி" என்றேன்.

பெரியம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. தான் தின்றது எதை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பௌசியா என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை. அது இன்னும் முற்றாக முடியவில்லை.

அன்றிலிருந்து மாமி என்னோடு நேரே கதைத்தார். மரியாதை குறையவில்லை, "நீங்க", "வாங்க" எல்லாம் இருந்தது. அரிசிப் பானை மட்டும் அவருடைய கட்டிலடிக்குப் போய்விட்டது.

அடுத்த மாரிக்கென்று, ஊரில் அவரை முற்றும் காலத்திலேயே நாங்கள் மூவரும் ஒரு ஓட்டோவில் விதை தேடிப் போனோம். அக்காவும் தங்கையும் ஒரே வாகனத்தில் போனது ஊருக்கு அதிசயம். ஓட்டோவின் முன்பக்கம் சாரதியோடு இடித்துக்கொண்டு நான், தண்டனைக் கைதி. பாலமுனையில் என் உறவுக்காரர் வீடுகள் ஒன்றையும் விடவில்லை. வேலி வேலியாக நின்று காயை நெருடினார்கள், விதையைப் பல்லில் கடித்தார்கள், இல்லை என்றார்கள். கடைசியில் நாவிதன்வெளியில், எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகிற ஒரு கமக்காரர் வீட்டு வேலியில், கத்தரிப்பூ விளிம்போடு அகலக் காய் தொங்கியது. அந்த வீட்டுப் பெண் கேட்டதும் இரண்டு கையாலும் விதையை அள்ளித் தந்தார். சகோதரிகள் இருவரும் வாங்கிய கையோடு ஒரே நேரத்தில் அதை முகர்ந்து பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏனென்று விளங்கவில்லை. நான் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதான் புள்ள" என்றார் பெரியம்மா.

"இது அதில்ல ராத்தா. வெள்ளைக் கோடு கட்டையா இரிக்கி" என்றார் மாமி.

அந்த விதையை வேலியின் இரண்டு பக்கமும் ஊன்றினார்கள். காய்த்தது, நன்றாகவே காய்த்தது. அதற்குப் பிறகு பதினொரு மாரி, ஒவ்வொரு முதற்காய் ஆணத்தின்போதும் வேலிக்கு மேலால் அதே வழக்கு. பெரியம்மா இதுதான் என்பார். மாமி இல்லை என்பார். தான் தின்றதை இல்லாமல் செய்யத்தான் பெரியம்மா இதுதான் என்கிறார் என்று மாமிக்குச் சந்தேகம். தன்னைக் கடைசிவரை குற்றவாளியாக வைத்திருக்கத்தான் தங்கை இல்லை என்கிறாள் என்று பெரியம்மாவுக்குச் சந்தேகம். இரண்டும் சரியாக இருக்கலாம். முற்றிய காய் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாராளமாய்ப் போய்வந்தது. அதை யாரும் நெருடிப் பார்க்கவில்லை.

பெரியம்மா மௌத்தான வருஷமும் கொடி காய்த்தது. மாமி ஆணம் வைத்து, கரண்டியில் ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல வேலிப் பக்கம் திரும்பி, "இது அதில்ல" என்றார். அந்தப் பக்கம் சத்தமில்லை. அந்த இடைவெளி எனக்குத் தாங்கவில்லை. கூடத்திலிருந்தபடி, "இல்ல மாமி, இதான்" என்றேன்.

மாமி திரும்பிப் பார்த்தார்.

"நீங்க கதைக்காதீங்க" என்றார்.

அடுத்த மாரிக்கு அவர் ஒன்றும் ஊன்றவில்லை. மூன்றாம் வருஷம் அவரும் போனார். வேலி இருந்த இடத்தில் இப்போது ஏழடி மதில். மதிலுக்கு அப்பால் பெரியம்மாவின் பேத்தி வீடு, நல்ல பிள்ளைகள், என்ன கேட்டாலும் தருவார்கள், கேட்கத்தான் ஒன்றுமில்லை. பழைய ஆட்டுக்காதவரையின் ருசி நினைவிருக்கிறதா என்று பௌசியா எப்போதாவது கேட்பாள். நினைவிருக்கிறது என்றுதான் சொல்கிறேன். உண்மை என்னவென்றால், நாளைக்கு யாராவது ஒரு கோப்பை ஆணத்தை முன்னால் வைத்து இதுதான் அது என்றால் நான் ஓம் என்று சொல்லிவிடுவேன். இல்லையென்று சொல்லத் தெரிந்த நாக்கு ஒன்றும் இப்போது இந்த ஊரில் இல்லை.